மப்பேடு சரக்குப் பூங்காவால் சிறிய ஏற்றுமதியாளர்களுக்கு என்ன கிடைக்கும்?

பாலாற்றங்கரை (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். ராணிப்பேட்டையில் தோல் கையுறை தைக்கும் சிறிய தொழிற்கூடம் நடத்துகிறேன். அப்பா தொடங்கியது. ஒன்பது வருடமாக என் பொறுப்பில் இருக்கிறது. 46 பேர் வேலை செய்கிறார்கள், அவர்களில் 38 பேர் பெண்கள். வெல்டிங் வேலைக்கும் கட்டுமான வேலைக்கும் போடுகிற கையுறைகளை ஜெர்மனிக்கு அனுப்புகிறோம். வருடத்தில் நான்கைந்து முறை முழு இருபது அடி கண்டெய்னர் போகும். மற்ற மாதங்களில் பாதிப் பெட்டிக்குத்தான் சரக்கு இருக்கும்.

கடந்த நவம்பரில் நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பது மணிக்குப் பெட்டிக்கு முத்திரை வைத்து லாரியை அனுப்பினோம். துறைமுகம் இங்கிருந்து சுமார் 120 கிலோமீட்டர். வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கப்பலின் கட்-ஆஃப், அதாவது பெட்டி துறைமுகத்துக்குள் வந்துசேர வேண்டிய கடைசி நேரம். எங்கள் பெட்டி வாயிலுக்குள் நுழைந்தது வியாழன் இரவு 8.40க்கு. 120 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 48 மணி நேரம்! கப்பல் போய்விட்டது. மழையில் ஒரு வாரம் யார்டில் கிடந்த பெட்டி அடுத்த கப்பலில் போனது. வாங்குபவர் அனுப்பிய படத்தில், கட்டைவிரல் தையல் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. பெட்டிக்குள் போட்ட ஈரம் உறிஞ்சும் பைகள் அத்தனை நாளைக்குத் தாங்கவில்லை. 140 அட்டைப்பெட்டிகளுக்குத் தள்ளுபடி கொடுத்தேன். அந்தத் தையலைப் போட்ட பெண்கள் படத்தைப் பார்த்துவிட்டு, "நாங்க சரியாத்தானேக்கா தைச்சோம்" என்றார்கள். அவர்கள் சரியாகத்தான் தைத்திருந்தார்கள்.

இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மப்பேட்டில் வரும் சரக்குப் போக்குவரத்துப் பூங்காவை (கிடங்கு, சுங்கம், லாரி, ரயில் வசதிகள் ஒரே வளாகத்தில் இருக்கும் இடம்) பற்றி எங்கள் ஊரில் எல்லோரும் பேசுகிறார்கள். 184 ஏக்கர், சுமார் 1,400 கோடி ரூபாய்த் திட்டம், ரயில் பாதையும் வருகிறது என்கிறார்கள். அங்கே இடம் கிடைக்கும், முன்கூட்டியே பதிந்துகொள்ளுங்கள் என்று ஒரு தரகர் வாரம் இருமுறை போன் செய்கிறார். ஒருமுறை நேரிலும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

என்னைப் போல மாதத்துக்குப் பாதிப் பெட்டி அனுப்புகிறவர்களுக்கு இதனால் உண்மையில் ஏதாவது மாறுமா? கிடங்கு எடுப்பது புத்திசாலித்தனமா? எங்கள் சங்கத்தின் மூலம் எதையாவது கேட்பதாக இருந்தால் எதைக் கேட்க வேண்டும்?

ராஜாஜி சாலை:

அம்மா, கிடங்கு எடுக்காதீர்கள். அந்தத் தரகருக்கு இப்போதைக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. காரணத்தை விவரமாகச் சொல்கிறேன். 29 வருடமாகச் சுங்கத் தரகராக வேலை செய்கிறேன். உங்கள் ஊர்த் தோல் சரக்கைப் பதப்படுத்திய தோலாக, ஷூ மேல்பகுதியாக, கையுறையாக எல்லா வடிவத்திலும் கப்பலேற்றியிருக்கிறேன்.

உங்களுக்கு இருப்பது இடப் பஞ்சம் அல்ல. தைத்த சரக்கை வைக்க ராணிப்பேட்டையிலேயே இடம் இருக்கிறது, வாடகையும் குறைவு. உங்கள் பணத்தைத் தின்பது இரண்டு விஷயங்கள்: காலிப் பெட்டி, துறைமுக வாயில். சரக்குப் பூங்கா நல்லதா கெட்டதா என்று யார் கேட்டாலும், இந்த இரண்டையும் அது என்ன செய்யப்போகிறது என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

முதலில் காலிப் பெட்டி. உங்களுக்கு இருபது அடிப் பெட்டி தேவைப்பட்டால் லாரி எங்கே போய் எடுக்கிறது? மணலி, மாதவரம் பக்கத்து யார்டுகளில். அங்கிருந்து காலியாக 125 கிலோமீட்டர் ஓடி உங்கள் வாசலுக்கு வந்து, சரக்கு ஏற்றி, அதே சாலையில் திரும்புகிறது. அதே நாளில் ஒரகடத்திலோ இருங்காட்டுக்கோட்டையிலோ ஒரு தொழிற்சாலை இறக்குமதி உதிரிபாகங்களை இறக்கிவிட்டு, காலியான பெட்டியை மணலிக்கே திருப்பி அனுப்புகிறது. நசரத்பேட்டையில் நின்று பார்த்தால் இரண்டு காலிப் பெட்டிகளும் எதிரெதிரே போவது தெரியும். இரண்டுக்கும் டீசல், இரண்டுக்கும் சுங்கச்சாவடிக் கட்டணம், இரண்டும் வடசென்னையின் அதே குறுகலான சாலைகளில். நாட்டின் சரக்குப் போக்குவரத்துச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் இத்தனை சதவிகிதம் என்று வருடக்கணக்காக விவாதிக்கிறார்கள். 13, 14 என்று பல காலம் சொல்லிவந்தார்கள். 2025இல் வந்த அரசு மதிப்பீடு அதைச் சுமார் 8 என்கிறது. சராசரி எதுவாக இருந்தாலும், பெரிய நிறுவனத்தைவிடச் சிறிய நிறுவனத்தின் தோளில்தான் பாரம் அதிகம். அந்தப் பாரத்தில் ஒரு பங்கு இந்தக் காலி ஓட்டம்.

மப்பேடு ஸ்ரீபெரும்புதூருக்கும் திருவள்ளூருக்கும் இடையில் இருக்கிறது. ஒரகடத்தில் இறக்கிய பெட்டி அங்கே வந்து தங்கினால், உங்கள் லாரி அங்கேயே எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்கு ஒரு முறைக்கு ஐம்பது கிலோமீட்டர் மிச்சம், அவர்களுக்கும் மிச்சம். ஒரு வட்டாரத்தில் இறக்குமதியும் ஏற்றுமதியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இரண்டுக்கும் செலவு குறையும் என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் என்னிடம் இல்லை.

ஆனால் காலிப் பெட்டி எங்கே தங்க வேண்டும் என்பதைப் பூங்கா கட்டுகிறவர் முடிவு செய்ய முடியாது. பெட்டி கப்பல் நிறுவனத்தின் சொத்து. அவர்கள் ஒப்பந்தம் போட்ட யார்டில்தான் நிற்கும். எத்தனை கப்பல் நிறுவனங்கள் மப்பேட்டில் காலிப் பெட்டி வைக்கச் சம்மதித்திருக்கின்றன? உங்கள் சங்கம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். கழுவவும் ஒட்டுப்போடவும் ஆள் வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். தோல் சரக்குக்குக் கிடைத்த பெட்டியெல்லாம் ஆகாது. நான் இன்றும் என் பையன்களை ஒவ்வொரு காலிப் பெட்டிக்குள்ளும் நிறுத்தி, வெளியிலிருந்து கதவைச் சாத்தச் சொல்கிறேன். கும்மிருட்டில் ஊசிமுனை வெளிச்சம் எங்காவது தெரிந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். மழை அந்த வழியாகத்தான் வரும். மூக்கையும் தீட்டிக்கொள்ள வேண்டும். முன்பு மீன் தூள் ஏற்றிய பெட்டியாக இருந்தால் உங்கள் கையுறை ஹாம்பர்க் போய்ச் சேரும்போதும் அந்த வாடை அதில் இருக்கும். நவம்பர்ப் பெட்டியை அப்படி யாராவது பார்த்தார்களா என்று விசாரியுங்கள்.

அடுத்தது வாயில். மப்பேடு சென்னைத் துறைமுகத்திலிருந்து சுமார் 52 கிலோமீட்டர், எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து 80, காட்டுப்பள்ளித் துறைமுகத்திலிருந்து 87. அங்கே எல்லா வசதியும் செய்துவிட்டு, கடைசி 52 கிலோமீட்டரை இப்போதிருக்கும் சாலையிலேயே விட்டால், வரிசை நிற்கும் இடம் மட்டும் மாறும். துறைமுகம் – மதுரவாயல் உயர்மட்டச் சாலைக்கு 2009இல் அடிக்கல் நாட்டினார்கள். 2012இல் வேலை நின்றது. கூவத்தில் தூண்கள் மட்டும் நின்றுகொண்டிருந்த அத்தனை வருடமும் நான் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போனேன். பிறகு ஈரடுக்குச் சாலையாக மாற்றி, 2022 மே 26 அன்று பிரதமர் மறுபடி அடிக்கல் நாட்டினார். மப்பேட்டுப் பூங்காவுக்கும் அதே மேடையில் அதே நாளில்தான் அடிக்கல். இரண்டையும் ஒரே நாளில் தொடங்கியது சரியான செயல். இரண்டும் ஒன்றாக முடிந்தால்தான் உங்களுக்குப் பலன்.

ரயிலைப் பற்றி மட்டும் நான் ஊரோடு ஒத்துப்போக மாட்டேன். கடம்பத்தூரிலிருந்து பூங்காவுக்குச் சுமார் 10 கிலோமீட்டர் பாதை திட்டத்தில் இருக்கிறது. ஒரு கண்டெய்னர் ரயிலில் 45 வேகன், 90 இருபதடிப் பெட்டிகள். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் லாரியிலிருந்து ரயிலுக்கு ஒருமுறை தூக்கி, ரயிலிலிருந்து இறக்க இன்னொருமுறை தூக்கினால், அந்தத் தூக்குக்கூலியை 52 கிலோமீட்டரில் மீட்க முடியாது. வட இந்தியாவுக்குப் போகும் சரக்குக்கும் அங்கிருந்து வரும் சரக்குக்கும் அந்தப் பாதை பெரிய வரம். கார்களையும் அதில் ஏற்றலாம். உங்கள் கையுறை மட்டும் லாரியில்தான் போகும்.

உங்கள் பாதிப் பெட்டி விஷயத்தில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. பலருடைய சரக்கைச் சேர்த்து ஒரு பெட்டியாக்கும் வேலை இப்போது துறைமுகத்தை ஒட்டிய சி.எஃப்.எஸ்.களில் (சுங்க அனுமதியோடு பெட்டியில் சரக்கை ஏற்றி இறக்கும் நிலையங்களில்) நடக்கிறது. சுங்க அதிகாரி, எடை மேடை, தாவரச் சுகாதாரச் சான்று, வங்கி எல்லாம் மப்பேட்டில் ஒரே வளாகத்தில் இருந்து, தினமும் ஹாம்பர்க்குக்கோ ராட்டர்டாமுக்கோ ஒரு சேர்ப்புப் பெட்டி மூடப்பட்டால், உங்கள் சரக்கு சென்னை நெரிசலைப் பார்க்காமலேயே முத்திரை பெற்றுவிடும். 2016 ஜூலை முதல் எடைச் சான்று இல்லாத பெட்டியைக் கப்பலில் ஏற்றுவதில்லை. அந்த ஒரு சான்றுக்காக வண்டி தனியாக ஒரு வரிசையில் நிற்பதும் அப்போது தீரும். அங்கே சுங்க அதிகாரி வாரம் ஆறு நாளும் இரவு எட்டு மணி வரை இருப்பாரா? இது உங்கள் இரண்டாவது கேள்வியாக இருக்கட்டும்.

சங்ககிரி டிரெய்லர்:

அக்கா, உங்கள் பெட்டி 48 மணி நேரம் எங்கே நின்றது என்று எனக்குத் தெரியும். என் வண்டியும் அந்தச் சாலையில்தான் நிற்கிறது. 22 வருடம் ஓட்டுநர், அதில் ஆறு வருடமாகச் சொந்த டிரெய்லர்.

எண்ணூர் நெடுஞ்சாலை வரிசை எப்படி இருக்கும் என்பதை ஐயா எழுதவில்லை, நான் எழுதுகிறேன். வண்டியின் பக்கவாட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதற்குள் அடுப்பு, அரிசி, பருப்பு, புளி. வரிசை நின்றுவிட்டால் இறங்கி வண்டி நிழலில் உலை வைப்போம். சோறு பாதி வெந்திருக்கும்போது முன் வண்டி இருபது அடி நகரும். அடுப்பை அணைத்து, பானையைத் தூக்கிக் கால் பக்கம் வைத்துக்கொண்டு நகர வேண்டும். நகராவிட்டால் பின்னாலிருந்து ஒருவர் நுழைந்துவிடுவார். இப்படி ஒரு வேளைச் சோறு நான்கு இடத்தில் வேகும். கழிப்பறை கிடையாது. குடிக்கிற தண்ணீரை விலைக்கு வாங்க வேண்டும். இரவில் கண் அயர்ந்தால் டீசல் போய்விடும், அதனால் கிளீனரும் நானும் முறை வைத்து விழித்திருப்போம். கிளீனர் இல்லாத வண்டியில் ஓட்டுநர் தூங்குவதே இல்லை. மூன்றாவது நாள் அதே ஆள் 30 டன்னை ஓட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் வருகிறார்.

நின்ற நாளுக்கு ஹால்டிங் பணம் தர வேண்டும் என்று பேசியிருப்போம். கேட்டால் கப்பல்காரர் துறைமுகத்தைக் காட்டுவார், துறைமுகம் யார்டைக் காட்டும். எனக்குப் போன வருடம் ஒரு யார்டில் இரண்டு நாள் நின்றதற்கு இன்னும் வரவில்லை.

அதனால் பூங்கா என்றால் என் கண்ணுக்கு முதலில் தெரிவது வண்டி நிறுத்தும் இடம்தான். 184 ஏக்கரில் லாரிக்கு எத்தனை ஏக்கர் என்று கேளுங்கள். மேற்கூரை, குளிக்கத் தண்ணீர், கதவு பூட்டுகிற கழிப்பறை, நியாய விலையில் சாப்பாடு. அதோடு, துறைமுகத்தில் எத்தனை மணிக்கு உங்கள் முறை என்று போனில் ஒரு நேரம் வர வேண்டும். அந்த நேரம் வரும்வரை மப்பேட்டில் படுத்துத் தூங்கிவிட்டு, கிளம்பி நேராக வாயிலுக்குப் போனால் யாருக்கு நஷ்டம்? வரிசையே சாலையில் இருக்காது.

சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் வீட்டுக்கு ஒரு ஓட்டுநர் இருந்த காலம் போய்விட்டது. வண்டி இருக்கிறது, ஆள் இல்லாமல் நிற்கிறது. என் மகன் கல்லூரியில் படிக்கிறான். இந்த ஸ்டியரிங்கை அவன் பிடிக்கக் கூடாது என்று நானே சொல்லிவிட்டேன். கிடங்கும் ரயிலும் எத்தனை வந்தாலும் கடைசியில் ஒரு மனிதர்தான் பெட்டியை உங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறார்.

எப்ரோ கரை:

ராஜாஜி சாலை ஐயாவும் சங்ககிரி அண்ணனும் எழுதியதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் திருநெல்வேலிக்காரி. ஸ்பெயினில் சரகோசாவில் சரக்குப் போக்குவரத்து மேலாண்மை படித்துவிட்டு இங்கேயே வேலை பார்க்கிறேன். நான் பார்த்ததை அப்படியே சொல்கிறேன்.

சரகோசாவுக்குக் கடல் கிடையாது. எப்ரோ ஆற்றங்கரையில், வருடத்தில் பாதி நாள் காது மடலை அறுக்கிற காற்று வீசும் ஊர். ஆனால் மாட்ரிட், பார்சலோனா, பில்பாவ், வலென்சியா நான்கும் இங்கிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர். அரகோன் மாநில அரசு 2000ஆம் ஆண்டில் பிளாசா என்ற சரக்கு வளாகத்தைத் தொடங்கியது. சுமார் 1,300 ஹெக்டேர், மப்பேட்டைப் போலப் பதினேழு மடங்கு. பக்கத்திலேயே விமான நிலையம். ஜாரா துணிக்கடைகளை நடத்தும் இண்டிடெக்ஸ் நிறுவனம் தன் பெரிய விநியோக மையம் ஒன்றை இங்கே அமைத்தது. அதைத் தொடர்ந்து மற்றவர்கள் வந்தார்கள். 2003இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இந்தத் துறைக்கென்றே ஓர் ஆய்வு மையம் தொடங்கினார்கள். நான் படித்தது அங்கேதான்.

அக்கா, உங்கள் கேள்விக்குப் பொருந்துவது பிளாசாவைவிட, ஊரின் இன்னொரு மூலையில் மொத்தக் காய்கறி, இறைச்சிச் சந்தையை ஒட்டி இருக்கும் சிறிய ரயில் முனையம். 2001இல் தொடங்கியது. பார்சலோனாத் துறைமுகத்தின் பெட்டிகள் ரயிலில் அங்கே வந்து இறங்கும். நான் பயிற்சிக்குப் போன முதல் வாரம், இறக்குமதிச் சரக்கை இறக்கிய பெட்டி ஒன்று கழுவுமிடத்துக்குப் போனதைப் பார்த்தேன். மறுநாள் காலை அதே எண் போட்ட பெட்டியில் காகித உருளைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாலை ரயிலில் அது துறைமுகத்துக்குக் கிளம்பிவிட்டது. நடுவில் அது காலியாக ஓடிய தூரம் இரண்டு கிலோமீட்டர் இருக்கும். ஐயா நசரத்பேட்டையில் பார்க்கும் காட்சி இங்கே இல்லாமல் போனது அப்படித்தான்.

இங்கே ரயில் கட்டுபடியாவதற்கு அந்த 300 கிலோமீட்டர் காரணம். ஆகவே மப்பேட்டு ரயிலைப் பற்றி ஐயா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: பெங்களூரு, ஓசூர்ச் சரக்கு ரயிலில் மப்பேடு வரை வந்து பிரிந்தால், அத்தனை லாரிகள் உங்கள் நெடுஞ்சாலையிலிருந்து குறையும். வாலாஜாவுக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையே சாலை விரிவாக்கம் எத்தனை வருடமாக இழுக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதே அரகோன் அரசு உவெஸ்காவிலும் தெருவேலிலும் சரக்கு வளாகங்கள் கட்டியது. அவை சரகோசா அளவுக்கு வளரவில்லை. கட்டியவர்கள் ஒருவரே, சாலையும் விளக்கும் ஒரே மாதிரி. சரக்கு ஏற்கெனவே கடந்துபோகிற ஊருக்குத்தான் பலன் கிடைத்தது. ஸ்ரீபெரும்புதூர் அப்படிப்பட்ட ஊர் என்பதால் மப்பேட்டின் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. நாடு முழுவதும் 35 இடங்களில் இப்படிப் பூங்கா என்று திட்டமிட்டிருக்கிறார்கள். அத்தனை இடத்துக்கும் இதையே சொல்ல எனக்குத் துணிவில்லை.

பாலாற்றங்கரை:

மூவருக்கும் நன்றி. சங்ககிரி அண்ணன் எழுதியதை எங்கள் தையல் கூடத்தில் உரக்கப் படித்துக் காட்டினேன். நவம்பரில் எங்கள் பெட்டியை எடுத்துப்போனவரின் முகம்கூட எனக்கு நினைவில்லை. அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தரகருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஐயா, ஒரு சந்தேகம். எங்கள் பகுதியில் கையுறை, பெல்ட், பணப்பை செய்கிறவர்கள் 11 பேர் இருக்கிறோம். எல்லோருக்கும் பாதிப் பெட்டி, கால் பெட்டிதான். நாங்களே சேர்ந்து வாரம் ஒரு பெட்டி நிரப்ப முடியுமா? அதற்குப் பூங்கா வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

ராஜாஜி சாலை:

காத்திருக்க வேண்டாம். ஒரே ஃபார்வர்டரிடம் (சரக்கை அனுப்பும் ஏற்பாடுகளைச் செய்து தரும் முகவரிடம்) பதினொரு பேரும் பேசி, ஒரே துறைமுகத்துக்குப் போகிற சரக்கை ஒரே கிழமையில் கொடுக்க ஒப்புக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் ஷிப்பிங் பில், அதாவது சுங்கத்துக்குக் கொடுக்கும் ஏற்றுமதி ஆவணம், தனித்தனி. பெட்டியில் அடுக்குவது சுங்க அனுமதி பெற்ற சி.எஃப்.எஸ்.ஸில் நடக்கும். இருபதடிப் பெட்டியில் நடைமுறையில் 28 கன மீட்டர் வரை அடுக்கலாம். உங்களில் மூன்று பேர் சேர்ந்தாலே பெரும்பாலும் நிரம்பிவிடும். ஒருவருடைய காகிதம் தாமதமானால் எல்லோருடைய சரக்கும் நிற்கும் என்பதுதான் இதிலுள்ள சங்கடம். அதற்கு உங்களுக்குள் ஒரு கண்டிப்பான ஏற்பாடு வேண்டும்: புதன் மதியத்துக்குள் ஆவணம் தராதவர் சரக்கு அடுத்த வாரம்.

இன்னொரு வேலையையும் இன்றே தொடங்குங்கள். கடந்த ஆறு மாதத்தில் பதினொரு பேரும் எடுத்த காலிப் பெட்டிகளின் பட்டியல். எந்தக் கப்பல் நிறுவனம், எந்த யார்டு, எத்தனை கிலோமீட்டர், என்ன வாடகை. கப்பல் நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போய் மப்பேட்டில் பெட்டி வையுங்கள் என்று வெறுங்கையோடு கேட்டால் காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மாதத்துக்கு இத்தனை பெட்டி நாங்கள் அங்கே எடுப்போம் என்று தாளை நீட்டினால் உட்கார்ந்து பேசுவார்கள். ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எண்ணிக்கை கூடும்.

சங்ககிரி டிரெய்லர்:

அக்கா, அந்தப் பட்டியலில் வண்டி வாயிலில் நின்ற மணி நேரத்துக்கும் ஒரு கட்டம் போடுங்கள். ஓட்டுநரிடம் கேட்டால் சொல்வார், நாங்கள் எல்லோரும் சின்ன நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். என்னுடைய ஆறு மாத நோட்டு வேண்டுமென்றால் படம் எடுத்து இங்கேயே போடுகிறேன்.